நூறுவீதம் அண்ணையும் செத்தவீட்டு ஜெனரேற்றரும்

எங்கள் கிளிநொச்சியில் தொடங்கின வேலையை முடித்த ஒரே மனிதன் நூறுவீதம் அண்ணைதான். எந்தக் கோயில் வாசலிலும் நின்று இதை நான் சத்தியம் பண்ணுவேன். மற்றதெல்லாம் இங்கே பாதியில் நிற்கும். வாய்க்கால் பாதியில் நிற்கும், மதில் பாதியில் நிற்கும், சங்கக் கூட்டம் தலைவர் உரையோடு நிற்கும். அண்ணை மட்டும் நூறில்தான் நிற்பார்.

சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேணும். ஆனால் பெத்த தாயே, "நூறுவீதம் இன்னும் சாப்பிட வரேல்லையோ?" என்று பக்கத்துக் கடையில் விசாரித்ததாகக் கதை.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்றுதான். எந்தப் பழைய லப்ரொப் வந்தாலும் முதலில் அதன் டிஸ்க்கை முழுசாகச் சோதிக்க வேணும். சோதனை நூறு வீதம் ஓடி முடியும்வரைக்கும் அதற்கு என்ன வருத்தம், என்ன பழுது என்று அவரும் சொல்லமாட்டார், கொண்டுவந்தவனையும் சொல்ல விடமாட்டார்.

"அண்ணை, கீபோட்டில ஒரு கட்டை கழண்டு போச்சு. அதை மட்டும் ஒட்டித் தாங்கோ."

"ஒட்டலாம். முதல் டிஸ்க்கைப் பாப்பம்."

"டிஸ்க்குக்கு ஒண்டுமில்லை அண்ணை."

"அதை நீர் சொல்லக்கூடாது. டிஸ்க் சொல்லட்டும்."

அவ்வளவுதான். கட்டை ஒட்டுகிற வேலைக்குக் காலமை வந்தவன் பின்னேரம்வரை குந்தியிருக்க வேண்டியதுதான். திரை முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள் வரும். டிஸ்க்கில் நல்ல இடமென்றால் பெட்டி பச்சையாகும், களைத்த இடமென்றால் மஞ்சள், செத்த இடமென்றால் சிவப்பு. அண்ணை இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, நாற்று நட்டவன் வயலைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார். மண் ஏத்தின ரிப்பர் லொறி ஒழுங்கையால் வந்தால் போச்சு. டிஸ்க் அதிரக்கூடாதென்று மேசையைக் கட்டிப்பிடிப்பார், கடையில் நிற்கிற ஆக்களும் கட்டிப்பிடிக்க வேணும். கழுத்துப்பட்டி கட்டின வங்கி மனேச்சர் ஒருவர் அந்த மேசையை அணைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றதை நான் என்ர இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

டிஸ்க் தேறினால் அடுத்தது சீ.டி. போடுகிற தட்டு. அதற்கென்று ஒரு நாதஸ்வர சீ.டி. வைத்திருந்தார். அது திக்காமல் கடைசிவரை வாசித்தால்தான் தட்டுப் பாஸ். ஒழுங்கைக்குள் நாதஸ்வரம் கேட்டால், "ஆற்றையோ பெட்டி தேறிட்டுது போல," என்று மரக்கறிக்கடைக்காரர்கூடச் சொல்லுவார்.

கலியாணமும் இந்தக் கொள்கையில்தான் அடிபட்டுப்போனது. தரகர் ஒருவர் சாதகம் பார்த்து, "பத்தில ஏழு பொருத்தம் இருக்கு, சோக்கான இடம்," என்று வந்தார். அண்ணை திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "எழுபதில நிக்குதோ? மிச்சமும் ஓடி முடியட்டும், பிறகு வாங்கோ." தரகர் அதற்குப் பிறகு அந்த ஒழுங்கைப் பக்கமே வரவில்லை.

இப்படிச் சீவித்த மனிசனின் தலையில்தான் மின்வெட்டு வந்து விழுந்தது. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற அந்தக் காலத்தைச் சொல்கிறேன். பழைய லப்ரொப்புக்குப் பற்றரி எப்போதோ செத்திருக்கும், வயரைச் செருகினால்தான் உயிர். எண்பது வீதம் ஓடும்போது கரண்ட் போகும், வந்ததும் திரும்பச் சைபரிலிருந்து தொடங்க வேணும். மூன்று நேரம் பட்டினி கிடந்தாலும் இப்படி வாடியிருக்கமாட்டார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். ஜெனரேற்றர் ஓடுகிற வீடுகளைத் தேடிப் போனார். கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தோனியார் கோயில் பெருநாள், பள்ளிவாசல் கந்தூரி, ஒன்றையும் விடவில்லை. மணவறைக்குப் பின்னால் ஒரு கதிரை, ஒரு பிளக், மடியில் ஆரோ ஒருவரின் லப்ரொப். மாப்பிள்ளை தாலி கட்ட, இவர் பின்னாலிருந்து "ஐம்பத்தாறு" என்பார். அழைப்பு இல்லாமலே அந்த வருசம் வன்னியில் அதிகம் பாயாசம் குடித்தவர் அவர்தான்.

அப்படியான நேரத்தில் என்ர லப்ரொப் "டிக்... டிக்..." என்று சத்தம் போடத் தொடங்கியது. அதற்குள் தங்கச்சியின் கலியாணப் படங்கள் முழுக்க இருந்தன. மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டு லீவு முடிந்து லண்டனுக்குப் போய்விட்டார். அல்பம் அடிக்கக் கடதாசி இல்லாத வருசம், படம் எடுத்தவனும் வெளிநாடு போய்விட்டான், வேறு பிரதி கிடையாது. வருகிற கிழமை கொழும்பில் விசாவுக்குக் குடுக்க வேணும். கலியாணம் நடந்ததற்குப் படம் கேட்பார்கள்.

"அண்ணா, என்ர மனுசன் உந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்கிறார். அவருக்கு ஏதும் நடந்துதோ, நான் உன்னோட கதைக்கவே மாட்டன்," என்றாள் தங்கச்சி. சொல்லிவிட்டு அழுதாள்.

ஓடினேன் அண்ணையிடம். "அண்ணை, படங்களை மட்டும் முதல் எடுத்துத் தாங்கோவன்."

"வருத்தம் என்னெண்டு தெரியாமல் கத்தி வைக்கிறதோ? நாளைக்கு மத்தியானம் கண்டாவளையில ஒரு வீட்டில ஜெனரேற்றர் ஓடுது. வாரும்."

"ஆற்றை வீடு?"

"அது தெரியாது. செத்தவீடு எண்டு மட்டும் தெரியும்."

என்ன செய்ய? சைக்கிளில் அவர் உழக்க, நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரியரில் இருந்தேன். பந்தலுக்குள் போய் அண்ணை லப்ரொப்பைத் திறந்து வைத்ததுதான் தாமதம், சனம் விலகி வழிவிட்டது. "வந்திட்டினம், வந்திட்டினம்," என்று ஒரு குரல். எங்களுக்கு முன்னால் கதிரை வந்தது, சோடா வந்தது. அண்ணை வயரைச் செருகிச் சோதனையைத் தொடக்கிவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விசயம் இதுதான். செத்த ஐயாவின் ஒரே மகன் பிரான்சில். இப்போது இங்கே செத்தவீடென்றால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நேரடியாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டதே, அதற்குச் சொல்லிவைத்த வீடியோக்காரன் பெற்றோல் இல்லாமல் வரவில்லை. லப்ரொப்போடு போன எங்களை அந்த ஆக்களென்று நினைத்துவிட்டார்கள்.

செத்தவரின் மனுசி, அந்த அம்மா, திரைக்கு முன்னால் வந்து விழுந்து கதறினா. "ராசா, கொப்பர் எங்களை விட்டுப் போட்டார் மோனை! உன்னை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு சொல்லிக்கொண்டே போட்டார்!"

திரையில் பச்சைப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏன் தம்பி கட்டம் கட்டமாக் கிடக்கு?" என்று கேட்டா அம்மா.

நானும் அண்ணையும் ஆளையாள் பார்க்க, பின்னால் நின்ற ஒருவர் மறுமொழி சொன்னார். "அது லைன் கிளியர் இல்லை மாமி. அங்க பனியெல்லே."

அம்மா கண்ணைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தா. "ஓம், பச்சைச் சேட்டுப் போட்டிருக்கிறான் பிள்ளை."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சோடாப் போத்தலை வாய்க்குள் வைத்துக் கடித்தேன். உண்மையைச் சொன்னால் வயரைப் பிடுங்குவார்கள், தங்கச்சியின் மனுசன் அம்போ. அண்ணையின் நெற்றியால் வேர்வை ஒழுகிக்கொண்டிருந்தது.

நாற்பத்தொன்றில் முதல் சிவப்பு வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கொத்தாக. டிஸ்க் "டிக் டிக்" என்று கத்தத் தொடங்கியது. அண்ணை இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ! போச்சே! எல்லாம் போச்சே!"

சனம் ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டது. "அழாதேங்கோ, மனதைத் திடப்படுத்துங்கோ," என்று முதுகைத் தடவினார் ஒருவர். "நீங்கள் ஐயாவுக்கு என்ன முறை?"

"தூரத்துச் சொந்தம்," என்றார் அண்ணை, தேம்பியபடி.

பிறகு அவர் செய்ததை நான் என்ர வாழ்க்கையில் மறக்கமாட்டேன். என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சோதனையைப் பாதியில் நிறுத்தினார். நூறுவீதம் அண்ணை, நாற்பத்து மூன்றில்! "இனி ஓடவிட்டா டிஸ்க் செத்துப்போம். இருக்கிறதை அள்ளுவம்," என்று என்ர காதுக்குள் சொல்லிவிட்டு, தன்ர டிஸ்க் ஒன்றைச் செருகிப் படங்களை இறக்கத் தொடங்கினார்.

கால்வாசி இறங்கியிருக்கும். பறை உரத்தது, பிரேதத்தைத் தூக்கினார்கள். ஜெனரேற்றரைப் பார்த்துக்கொண்டு நின்ற, செத்தவரின் மருமகன், இனித் தேவையில்லையென்று அதை நிப்பாட்டப் போனான். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

"நிப்பாட்டாதை!" என்று அலறினா அம்மா. "அங்க பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறான்!"

மருமகன் கையை எடுத்தான். படங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. எனக்கு நிம்மதி வந்தது, அண்ணைக்கு வரவில்லை. அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழும்பி மருமகனிடம் போனார்.

"தம்பி, லைன் அறுந்து போச்சு. பிரான்சில நிக்கிற மச்சானின்ர நம்பரைத் தாரும், கெதியா."

தன்ர போனில் வீடியோ கோல் எடுத்தார். மகன் அங்கே வேலை உடுப்போடு ஒரு சுவர் ஓரமாக நின்றிருக்கிறான். இங்கே எல்லாரும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்ததில் ஒருவரும் அவனுக்குப் போன் எடுக்கவில்லை. "நான் தகப்பனைக் காட்டுறன், அழாமல் பாரப்பு," என்றார் அண்ணை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடைக்குப் பின்னால் சுடலைக்கு நடந்தார். லப்ரொப் திரையில் எத்தனை வீதமென்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பந்தலில் பெண்களும் நானும்தான் மிச்சம். அம்மா லப்ரொப்புக்கு முன்னாலேயே இருந்தா. "தம்பி, பிள்ளை இப்ப என்ன செய்யிறான்?"

"சுடலைக்குப் போறான் அம்மா. ஐயாவோட போய்க்கொண்டிருக்கிறான்," என்றேன். அந்த மத்தியானம் முழுக்க அங்கே சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். சொல்லும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது.

படங்கள் வந்தன. தாலி கட்டினது, மாலை மாத்தினது எல்லாம் இருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் நான் வாய் நிறையச் சோறோடு நிற்கிற படங்கள் மட்டும் போய்விட்டன, அதற்கு விசாக்காரர் கவலைப்படவில்லை. தங்கச்சி இப்போது லண்டனில், மனுசனோடு ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்துக்கொண்டு சந்தோசமாக இருக்கிறாள்.

அண்ணை திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கால் முழுக்கச் சுடலை மண், சேட்டெல்லாம் புகை மணம். போனைப் பிடித்த கையை மற்றக் கையால் அமத்திக்கொண்டு வந்தார்.

"சுடலையில நெருப்பு மூட்டும்வரைக்கும் பெடியன் லைனில நிண்டவன்," என்றார். "முழுக்கப் பாத்தவன்."

"நூறு வீதமோ?" என்று ஒரு கிண்டல் வாய்க்குள் வந்தது, விழுங்கிவிட்டேன். பெட்டியை அவரிடம் குடுத்து, சைக்கிளை நான் பிடித்துக்கொண்டேன்.

"பின்னுக்கு ஏறுங்கோ அண்ணை," என்றேன். "நான் உழக்கிறன்."