இரண்டு கிண்ணமும் ஒரே நீலம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

தங்களிடம் ஆராய்ச்சி செய்யும் பெண்ணைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்தையும் தங்கள் ஆய்வகப் பொடிகளின் நலத்தையும் அறிய ஆவல்.

நான் உணவுக் கலப்படம் பிடிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவன் வீட்டில், துத்தநாக ஆக்சைடில் வெள்ளியைக் கலப்பதற்கென்றே ஒரு பெண் படிக்கிறாள். "சுத்தமாவே இருந்துட்டுப் போகட்டுமேம்மா" என்றேன். "சுத்தமா இருந்தா வெயில்ல சரியா வேலை செய்யாதுப்பா. துளி வெள்ளி கலந்தாத்தான் தண்ணியில இருக்கற சாயத்தை நல்லா உடைக்கும்" என்றாள். இந்த வாக்குமூலத்தை எத்தனையோ பால்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆனாலும் பெற்ற பெண்ணாயிற்றே, நம்பினேன்.

வெயிலுக்குப் பதிலாக எரியும் ஆய்வக விளக்கு பழுதானதால் போன வாரம் ஆராய்ச்சி எங்கள் மொட்டை மாடிக்கு வந்தது. இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் நீலச் சாயத் தண்ணீர், ஒன்றில் மட்டும் அவள் பொடி. "பாத்துக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள், நானும் குடை பிடித்துக் காவல் இருந்தேன், குடை எனக்குத்தான், கிண்ணத்துக்கு இல்லை, அந்த அளவு விஞ்ஞானம் எனக்கும் தெரியும், மதியத்துக்குள் பொடி போட்ட கிண்ணம் வெளுக்க ஆரம்பித்தது, ஒரே சரக்கின் இரண்டு மாதிரியும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது என் உத்தியோகப் பாடம், பிள்ளை பார்த்தால் மனம் உடைந்துபோவாளே என்று துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் விட்டேன், மறுபடி வெளுத்தது, மறுபடி விட்டேன். தினமும் இதே சேவை.

தினமும் வந்து பார்த்தவள் நேற்று மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "வெளுக்கவே மாட்டேங்குதுப்பா. என் பொடி வேஸ்ட். திங்கட்கிழமை மேடம்கிட்ட இதை விட்டுடறேன்னு சொல்லிடப் போறேன்" என்று அழுதாள். சாயத்தை உடைப்பது என்றால் வெளுக்க வைப்பது, வெளுப்பதுதான் வெற்றி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரவே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா, பொடி மேல் குற்றமில்லை. அவள் விட்டுவிடுகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். நீலம் விட்டது நான், நான் மட்டும்தான். அவளுக்குத் தெரிய வேண்டாம். என் அப்பா கை சுத்தம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தங்களுக்கும் தங்கள் மாணவிகளுக்கும் நல்ல வெயில் குறையாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
நீல விரல்களுடன்,
அவள் அப்பா

பி.கு.: "நான் மட்டும்தான்" என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். உறை ஒட்டப் பசை கேட்டபோது என் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டாள். "நீங்க சாப்பிட இறங்கினப்பல்லாம் நானும்தான் ஊத்தினேன். சொட்டா இல்லை, மூடி மூடியா" என்கிறாள். பின்னால் நின்றிருந்த மகள், "அத்தனையுமா தின்னுச்சு என் பொடி?" என்று எங்கள் இருவரையும் கட்டிக்கொண்டு சிரித்தாள். விடுகிற பேச்சே இல்லையாம். முதலிலிருந்து செய்யப் போகிறாளாம், மாடிக் கதவைப் பூட்டிவிட்டு. "எவ்வளவு கலந்தோம்னு எழுதி வெச்சா அது ஆராய்ச்சிப்பா. எழுதாம ஊத்தினா உங்க டிபார்ட்மெண்ட் கேஸ்" என்றாள். நாங்கள் இருவருமே எழுதி வைக்கவில்லை அம்மா.