உதைக்க உத்தரவு கோரி

கொடைக்கானல்,
14-11-1961, செவ்வாய்க்கிழமை.

பழனியில் நான்கு தலைமுறையாகச் சுவாமி வாகனங்களைத் துடைத்தும் தூக்கியும் வருகிற குடும்பத்தில் பிறந்தவரும், என் மனைவி வடிவின் அண்ணனும், நான் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசப் பயப்படுகிறவருமான மச்சான் திருமலைச்சாமி அவர்கள் சமூகத்துக்கு, கொடைக்கானலில் அம்மை குத்தும் உத்தியோகம் பார்க்கிற இராமலிங்கம் பணிவோடு எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் வடிவும் ஐப்பசி மழையில் நனைந்தபடி சுகம். அவ்விடம் நீங்களும் கந்தம்மாள் அக்காவும் வெயிலில் காய்ந்தபடி சுகமாக இருக்க முருகன் துணை நிற்பானாக. உங்கள் மூட்டுவலி குறைந்ததா என்று வடிவு கேட்கச் சொன்னாள். எனக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் நீங்கள்தான் என்பதால், எழுத்து கோணலாக இருப்பதைப் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆவணி மாதம் எங்கள் இலாகாவிலிருந்து வந்த உத்தரவு உங்களுக்குத் தெரியும். மலைக் கிராமங்களுக்கு நாங்கள் நடந்தே போய் ஊசி குத்துவதற்குள், குத்த வேண்டிய குழந்தை வளர்ந்து கல்யாணமும் ஆகிவிடுகிறது என்று மேலே யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்து ஓட்டுகிறவருக்கே இனி மலைச் சரகமாம். ஓட்டத் தெரியாதவருக்குத் தை பிறந்ததும் இராமநாதபுரத்துக் கடற்கரை. எனக்கு நாற்பத்தெட்டு வயது. இதுவரை நான் காலால் ஓட்டிய ஒரே இயந்திரம் தையல் மிஷின், அதிலும் நூல் அறுந்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் கடற்கரைதானே, மீனாவது மலிவாகக் கிடைக்கும் என்று மூட்டையைக் கட்டியிருப்பேன். ஆனால் பேத்துப்பாறையில் கட்டிக்கொடுத்த நம் அன்னக்கொடிக்கு இது ஆறாம் மாதம். மாசியில் தலைப்பிரசவம். இன்றைக்கு அவள் தாய் வீட்டுக்கு வருவதென்றால் வெள்ளனே கிளம்பினால் காலைப் பலகாரத்துக்கு வந்துவிடலாம். நான் கடற்கரைக்குப் போய்விட்டால் வயிற்றுப் பிள்ளையோடு அவளை மலை இறக்கி, பஸ்ஸும் ரயிலுமாக எங்கே கொண்டுபோவது? உத்தரவு வந்த அன்றைக்கு வடிவு குழம்பில் உப்புப் போட மறந்தாள். நானும் கேட்காமல் சாப்பிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.

அதனால்தான் இந்த வயதில் வண்டி தேட இறங்கினேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிற குருநாதன் எனக்கு ஆலோசகன். “சார், பிகினருக்கு மூணே பாயிண்ட்டுதான். கால் ரெண்டும் கிரவுண்டுல படணும், கீழ விழுந்தா நீங்களே தூக்கணும், மேடு ஏறணும். மூணும் ஒரே வண்டியில கெடைக்காது, ரெண்டு இருந்தா வாங்கிருங்க” என்றான். முதலில் காட்டியது ஏதோ ஒரு யுத்தத்தில் ஜெயித்துவிட்டு வந்த பட்டாளத்து வண்டி. ஏறி உட்கார்ந்தால் என் இரண்டு காலும் தொட்டில் பிள்ளை கால் மாதிரி தொங்கின. குருநாதன் கையை விட்டான். வண்டி அவசரமில்லாமல் இடது பக்கம் சாய்ந்து, என்னையும் கூட்டிக்கொண்டு படுத்தது. தூக்குவதற்கு நான்கு பேர் வேண்டியிருந்தது. வண்டிக்கு மூன்று பேர், எனக்கு ஒருவர். இரண்டாவது காட்டியது சைக்கிளுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒன்று. கால் நன்றாக ஊன்றியது, ஒரு கையால் தூக்கவும் முடிந்தது. மேட்டில் விட்டுப் பார்த்தேன். பூண்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்த பாப்பம்மாள், மூட்டையை வண்டியில் வைக்கலாமா என்று கேட்கத்தான் எட்டி நடந்து வந்தாள். பக்கத்தில் வந்து வண்டியைப் பார்த்ததும் மனசு மாறி, “அய்யா, ஒங்க பைய வேணாக் குடுங்க, நான் கொண்டாந்து தாறேன்” என்றாள். பையைக் கொடுத்துவிட்டேன். அவள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மூன்றாவது, ஊரைவிட்டுப் போகிற ஒரு வாத்தியார் விற்ற வண்டி. மூன்றரைக் குதிரைச் சக்தி. குருநாதன் சீட்டைக் கொஞ்சம் இறக்கியதும் கால் இரண்டும் ஊன்றின. விழுந்தால் நானும் வடிவுமாகத் தூக்கிவிடலாம், விழுந்தே பார்த்தோம். மேடும் ஏறியது. மூன்று பாயிண்ட்டும் ஒரே வண்டியில் கிடைத்தது அவனுக்கே ஆச்சரியம். பதினைந்தே நாளில் ஏரியைச் சுற்றி யார் மேலும் மோதாமல் வரப் பழகிவிட்டேன், ஒரு கம்பளிக்காரரைத் தவிர. இந்த இடத்தில் நான் செய்த ஒரே தப்பு, வண்டிக்கு அண்ணன் கையால் பூஜை போட வேண்டும் என்று வடிவு சொன்னபோது சரி என்று தலையாட்டியது.

உருளைக்கிழங்கு லாரியில் ஏற்றி வண்டியைப் பழனிக்குக் கொண்டுவந்தோம். நீங்கள் விளக்குக்குச் சந்தனம் வைத்தீர்கள், குங்குமம் வைத்தீர்கள், மாலை போட்டீர்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தீர்கள். முன் சக்கரத்துக்குப் பஞ்சாமிர்தம் தடவியதைக்கூட நான் குறை சொல்லவில்லை. எறும்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது, அதுவும் ஓர் உயிர்தானே. எல்லாம் முடிந்து, நான் வண்டியைக் கிளப்ப வலது காலைத் தூக்கியபோது ஓடிவந்து அந்தக் காலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “மாப்ள, காலை எறக்குங்க. சந்தனம் குங்குமம் வச்சாச்சு. இனி இது வண்டி இல்ல, வாகனம். வாகனத்தையா காலால ஒதைப்பீங்க? மயில் வாகனம் கெடக்குற பக்கம் நாங்க காலக்கூட நீட்ட மாட்டோமே.” பிறகு தங்கச்சியைப் பார்த்து, “வடிவு, பாத்துக்கம்மா” என்றீர்கள். அவள் அன்று முதல் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

மச்சான், மோட்டார் சைக்கிள் என்பது உதைத்தால்தான் கிளம்பும். அதைச் செய்தவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அவர்களுக்கு நம் ஊர் முறை தெரியாது. வடிவிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். வாகனத்தின் மேல் ஏறி உட்காருவது மட்டும் சரியா என்றேன். “சாமியும் ஒக்காந்துதான வாறாரு, ஒதைச்சுக்கிட்டா வாறாரு?” என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உதைக்கிறேன் என்றேன். கால் கால்தான் என்றாள். குருநாதனை விட்டு உதைக்கச் சொல்கிறேன் என்றேன். பாவம் ஏவினவருக்கே வந்து சேரும் என்றாள். உதைக்கிற கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்தேன். அது திருப்பி அடித்ததில்தான் மணிக்கட்டு வீங்கியது, ஒரு வாரமாக இடது கையால் ஊசி குத்துகிறேன், குழந்தைகள் முன்னைவிட அதிகமாக அழுகின்றன. கம்பியின் மேல் உட்கார்ந்தும் பார்த்தேன். அதைப்பற்றி மேலும் எழுத விரும்பவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். கியரையும் பிரேக்கையும் நான் காலால்தான் மிதிக்கிறேன் என்பது வடிவுக்கு இன்னும் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

ஆகவே வீட்டு வாசலிலிருந்து இறக்கத்தில் உருட்டிவிட்டுத்தான் கிளப்புகிறேன். கிளம்பிவிடும், அதில் குறையில்லை. ஆனால் ஒருமுறை கிளப்பியதை வழியில் இறக்கம் இல்லாத இடத்தில் நிறுத்த முடியாது. போன வாரம் பேத்துப்பாறைக்குப் போனபோது வாசலில் வண்டி படபடவென்று உறுமிக்கொண்டு நிற்க, நான் உள்ளே போய் அன்னக்கொடியைப் பார்த்து, முகம் வெளுத்திருக்கிறதே என்று கேட்டு, ஒரு வாய் காப்பியை நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடிவந்தேன். சம்பந்தி தங்கமுத்துவுக்கு மனத்தாங்கல் வந்துவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு உட்காரக்கூட நம் வீடு அவருக்கு ஆகவில்லையா, அப்படியென்ன தலைபோகிற சோலி என்று ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறார். திரும்பும்போது ஏரிக்கரையில் பெட்ரோல் தீர்ந்தது. வாங்கி ஊற்றினேன். ஆனால் ஏரியைச் சுற்றிச் சமதளம், உருட்டினால் உருண்டது, கிளம்பவில்லை. கடைசியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சவாரி ஏற்றுகிற குதிரைக்காரர் பழனிச்சாமி இரக்கப்பட்டுக் கயிறு கட்டினார். மூன்றரைக் குதிரைச் சக்தி என்று வாங்கிய வண்டியை ஒரே ஒரு குதிரை வீடு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது, நான் மேலே உட்கார்ந்து வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தேன். சுற்றுலா வந்த ஓர் அம்மாள் படம் எடுத்துக்கொண்டாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, 24-ஆம் தேதி, மதுரையிலிருந்து அதிகாரி வருகிறார். அவர் முன்னால் ஆபீஸ் முற்றத்தில் வண்டியைக் கிளப்பி ஒரு மைல் போய்த் திரும்பி வர வேண்டும். ஏரிக்கரையை விட்டால் அந்த முற்றம்தான் கொடைக்கானலிலேயே மேடு பள்ளம் இல்லாத ஒரே இடம், எந்தப் புண்ணியவான் நிரவினானோ தெரியவில்லை. அங்கே குதிரையைக் கட்டி இழுக்க முடியாது. உதைத்தால் மகள் பிரசவம் எங்கள் வீட்டில், உதைக்காவிட்டால் நாங்கள் கடற்கரையில். வடிவு நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள். எனவே தாங்கள் தயவுசெய்து ஒரே ஒரு கார்டில், “மாப்பிள்ளை வண்டியை உதைக்கலாம், தோஷமில்லை” என்று கைப்பட எழுதி வெரசாகத் தபாலில் சேர்க்க வேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதியதாகப் போட்டால் இன்னும் நல்லது. நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. வடிவை மட்டும் கேட்டேன், அதற்கே மூன்று வருஷம் யோசித்தீர்கள். இதற்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

கந்தம்மாள் அக்காவுக்கு என் வணக்கங்கள், வீட்டில் உள்ள சிறுசுகளுக்கு ஆசிகள். உங்கள் வாகனங்கள் எல்லாம் உதைபடாமலே பல்லாண்டு புறப்பாடு காணட்டும். என் வாகனத்துக்கு மட்டும் சிறிது விலக்கு அளிக்க வேண்டுகிற,

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
இராமலிங்கம்.

பின்குறிப்பு: புதன்கிழமை மாலை. மேலே கண்டதை உறையில் போடுவதற்கு முன் வடிவு எடுத்து முழுவதும் படித்துவிட்டாள். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் வண்டியில் உட்கார்ந்து எறும்பு தட்டிக்கொண்டிருந்தேன். “எங்க அண்ணன் வாக்கு ஒங்களுக்குப் பரிகாசமா?” என்றாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். வடிவை மட்டும்தான் கேட்டேன், இப்படி ஓர் அண்ணனும் சேர்ந்து வருவார் என்று அப்போது யாரும் சொல்லவில்லை என்றேன். புருஷனை உதைக்க முடியாது அல்லவா, பக்கத்தில் நின்றதை ஓங்கி ஓர் உதை விட்டாள். அது கம்பியில் பட்டு, வண்டி முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. நானும் ஏரி வரை போய்த் திரும்பினேன். வந்ததும், உதைத்துவிட்டாயே என்று மெல்லக் கேட்டேன். “நான் வண்டியக் கெளப்பவா ஒதைச்சேன்? கோவத்துல கால் பட்டுச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டேன், தீந்துச்சு” என்றாள். கோபத்தில் பட்டால் தோஷமில்லையாம். வண்டியை ஓட்டுவது நான் என்றுதான் இலாகா உத்தரவில் இருக்கிறது, உதைப்பது யார் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவளும் முற்றத்துக்கு வருகிறாள். ஆகவே நான் கேட்ட கார்டு வேண்டாம். அதற்குப் பதிலாக, உங்கள் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரியாத குறை ஏதாவது இருந்தால் 24-ஆம் தேதிக்குள் எழுதி அனுப்பவும். தெரிந்ததை எல்லாம் இன்றைக்கு ஒத்திகை பார்த்ததிலேயே சொல்லித் தீர்த்துவிட்டேன்.