இலஞ்சித் தோப்பில் குரங்குகள் வேலைக்கு இல்லை

அன்புள்ள மாப்பிள்ளை ரவி அவர்களுக்கு,

இலஞ்சியிலிருந்து மாமனார் முத்துக்குமாரசாமி ஆசியுடன் எழுதுவது. நீங்களும் ஸ்ரீமதியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் மனசு சரியில்லை.

உங்கள் சோப்புக் கம்பெனி இனி எண்ணெய்க்கு நம் தோப்புத் தேங்காயை எடுக்காதாம். நான் குரங்குகளை வைத்துத் தேங்காய் பறிக்கிறேனாம். மாப்பிள்ளை, சத்தியமாக இல்லை. நீங்கள் சிபாரிசு செய்து வாங்கித் தந்த ஆர்டர். அது போனால் ஆபீசில் உங்களுக்குத் தலைகுனிவு, இங்கே என் பாடு திண்டாட்டம்.

நடந்தது இதுதான். சரக்கு நேர்மையான வழியில் வருகிறதா, பறிக்கிறவர்களை முறையாக நடத்துகிறோமா என்று பார்க்க மெஹர் பானு என்ற பெண்ணைக் கம்பெனி அனுப்பியிருந்தது. தங்கமான பிள்ளை. மரம் ஏறுகிற பேச்சிராஜ் அன்றைக்குப் பார்த்துப் புளியறைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான், நான் காப்பி வாங்க ஃபிளாஸ்கோடு கிளம்பினேன், அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு இளநீரைத் திருகி அந்தப் பிள்ளையின் காலடியில் பொத்தென்று போட்டிருக்கிறது, சனிக்கிழமையாயிற்றே என்று உங்கள் அத்தையும் வாழைப்பழச் சீப்போடு வந்து, ஆஞ்சநேயர் பேரைச் சொல்லி ஒவ்வொரு குரங்குக்கும் ஒரு பழம் கொடுத்திருக்கிறாள்.

"எவ்வளவு நாளா குடுக்கறீங்கம்மா?" என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது.

"எங்க மாமனார் காலத்துல இருந்தே குடுக்கோம். ஆளுக்கு ஒரு பழம். வேற ஒண்ணும் கேக்காதுவ."

"தினமும் வருமா?"

"தெனமும் வருதுவ. மழை பெஞ்சாத்தான் லீவு."

"குட்டிங்களுமா?"

"பொறந்த மறுநாளே அம்மைக்காரி வயித்துல தொங்கிக்கிட்டு வந்துரும். சின்னதுலயே பழகிருதுலா."

நான் திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளையின் முகம் செத்துப்போயிருந்தது. உங்கள் அத்தைக்கோ பெருமை தாங்கவில்லை. இவை வேலைக்காரர்கள் இல்லையம்மா, திருடர்கள் என்று எடுத்துச் சொன்னேன். "திருடங்களுக்கு எதுக்கு சார் பழம் குடுக்கறீங்க?" என்றாள். இத்தனை வயசுக்கு நான் அதை யோசித்ததில்லை.

ஆகையால் மேலிடத்தில் பேசி, நம் தோப்பில் மரம் ஏறுவது ஆதார் கார்டு உள்ள பேச்சிராஜ்தான் என்று புரியவையுங்கள். வாயில்லா ஜீவனை வேலை வாங்குவது பாவம் என்று நினைக்கிற குடும்பம் நாம்.

ஸ்ரீமதியை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். இலஞ்சி முருகன் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டான்.

இப்படிக்கு,
பிரியமுள்ள மாமா
முத்துக்குமாரசாமி

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. அதற்குள் பேச்சிராஜ், "அண்ணாச்சி, கேரளாவுல நல்ல வேலை கெடைச்சிருக்கு, இனி நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். காய் முற்றி நிற்கிறது, சுரண்டை வரை விசாரித்தும் மரம் ஏற ஆள் இல்லை. வெளிநாட்டில் எங்கேயோ குரங்குகளுக்குத் தேங்காய் பறிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களாம், மெஹர் பானுதான் வருத்தப்பட்டுச் சொன்னாள். அவளிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டு, அந்த இடத்தின் விலாசம் வாங்கி அனுப்பவும்.