பாதிக்கு மேல் எழுதாத போர்டு

"நாலு பட்டன் அமுக்கினாத்தான் திறக்கும்னா, அதுக்குப் பேரு கம்ப்யூட்டரா?"

"திறக்குதுல்லா? அது போதாதா—"

"பதினோரு மணிக்கு ஆர்யாவுக்கு இன்டர்வியூ. நடுவில அணைஞ்சா?"

"ஆனந்தலட்சுமி, என்னையும் கொஞ்சம் பேச விடு!"

விடவில்லை. ஸ்குரூடிரைவரைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். மகள் ஆர்யாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. படிக்கிறாள் போல என்று நினைத்தார் சிவானந்தம்.

எந்த டிஸ்கிலிருந்து எழும்ப வேண்டும் என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தினமும் மறந்துபோகும். உள்ளே இருக்கும் மதர்போர்டில் அதைக் குறித்து வைத்தால் தீர்ந்தது. குறிக்கப் பார்த்தார். இடமில்லை என்றது.

"பாதி காலியாக் கிடக்கு, இடமில்லைன்னு திருப்பி அனுப்புது! வில்லேஜ் ஆபீஸ்ல நான்கூட இப்படிச் செஞ்சதில்லை."

காட்டாக்கடையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் லிபினுக்குப் போன் போட்டார்.

"அங்கிளே, சில போர்டு பாதிக்கு மேல நிறைஞ்சா பின்னே எழும்பாது. அதான் உங்க கம்ப்யூட்டரை ஓட்டுற லினக்ஸ் பயந்து எழுத விடாதது. தொடங்குற வரியில ஒரு வார்த்தை சேர்த்தா அந்தப் பயம் போகும். பக்ஷே, உங்க போர்டு தாங்கும்னு உறப்பா, நிச்சயமா, தெரிஞ்சா மட்டும்."

"தாங்கும், தாங்கும்."

வாங்கிய அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருந்தார். அதுதான் உறப்பு.

வார்த்தையைச் சேர்த்தார். எழுதிக்கொண்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எதையும் நகலோடு வைப்பது ஆபீஸ் பழக்கமாயிற்றே! ஒன்று மறந்தாலும் மற்றது சொல்லட்டும் என்று அதையே திரும்பத் திரும்ப எழுதி, போர்டு நிறைந்த பிறகுதான் ஓய்ந்தார்.

அணைத்துப் போட்டார். திரை கறுத்தே கிடந்தது.

"எழும்பல்லியோ?" என்றாள் ஆனந்தலட்சுமி வாசலிலிருந்து.

"எழும்பும். போர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டினா எழும்பும்."

கழற்றும்போது ஒரு ஸ்குரூ உள்ளே விழுந்தது. அதுவரை சுற்றிய விசிறியும் நின்றது.

பதினோரு மணிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. சிவானந்தம் ஸ்குரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு பட்டனில் திறந்த கம்ப்யூட்டர். புள்ளை ரெண்டு வருஷமா காத்திருந்த வேலை.

"லட்சுமி, நான் கெடுத்துட்டேன். போன்ல பேசட்டும். எப்பவும் போல நான் பக்கத்துல நாற்காலி போட்டு இருக்கேன், தடுமாறினா பதில் எடுத்துக் குடுக்கேன்."

"வேண்டாம்!" அவள் பதறிவிட்டாள். "அதுக்குள்ள தோத்தாச்சா? உங்களால முடியும், பாருங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அவருக்குக் கண் கலங்கியது. மறுபடி குனிந்தார்.

அடுக்களை வழியாகப் பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"லட்சுமியக்கா, நாம பேசி வச்ச பத்து மணி இன்டர்வியூ எங்க வீட்டில இருந்தே நல்லா முடிஞ்சு, ஆர்யாவுக்கு வேலையும் கிடைச்சாச்சு. இனி அண்ணனுக்க கையில இருந்து ஸ்குரூடிரைவரை வாங்கிக்கிடலாமாம்!"