கயிறு வெட்டிய ஐந்நூறு சட்டை

சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தையல் ஆலையில் இரண்டு வரிசைகள். சாப்பாட்டு வரிசை சின்னது. கயிற்று ஐயாவின் வரிசைதான் வாசல் வரை நீண்டது. பசியை நாளைக்குக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். தன்னம்பிக்கை தீர்ந்துபோனால் என்ன செய்வது?

ஐயாவின் வேலை ரொம்பச் சுருக்கம். கையை நீட்டச் சொல்லி அமுக்குவார், தொப்பென்று விழும். சிவப்புக் கயிற்றைக் கட்டிவிட்டு மறுபடி அமுக்குவார். கை இம்மியும் அசையாது. கூட்டம் வாயைப் பிளக்கும். ஒரு கயிறு இரண்டு நாள் கூலி. தைரியம் என்ன சும்மாவா வரும்!

வெட்டுமேசைக்காரி அதை வாங்கியதற்குக் காரணம் இருந்தது. போன மாதம் துணியைத் தப்பாக விரித்து, இருநூறு சட்டைக்கும் இரண்டு பக்கமும் இடது கையாகவே வெட்டித் தள்ளியிருந்தாள். அன்றிலிருந்து கத்தரியைத் தொட்டாலே உதறல். அடுத்து ஐந்நூறு பள்ளிச் சட்டை. அதிலும் சொதப்பினால் பட்டன் தைக்கப் போகவேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பதினோரு வருடம் நின்ற மேசை. இரண்டு நாள் கூலியைக் கொடுத்துக் கயிறு வாங்கினாள். அது நனையக் கூடாதாம். இஸ்திரிப் பகுதியில் வேலை பார்த்த நாத்தனார் அதைக் குட்டித் துணிப்பையில் வைத்துத் தைத்துக் கட்டிவிட்டாள்.

ஐந்நூறு சட்டையும் பிசகாமல் வந்தன. ஐயா விடுவாரா? அவளைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, பை கட்டிய கையை அமுக்கிக் காட்டினார். கை இரும்பாக நின்றது. எல்லாம் கயிற்றின் சக்தி என்றார்.

நாத்தனார் வந்து பையைப் பிரித்தாள். உள்ளே இருந்து விழுந்தது ஓர் எலாஸ்டிக் துண்டு. தைக்கும்போதே அவள் எடுத்துவிட்ட கயிறு, ஒரு வாரமாக இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுருட்டிக் கட்டப் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

கயிற்றின் வாசனை பையில் தங்கியிருக்கும் என்று ஐயா சமாளித்தார். நாத்தனார், மூன்று கயிறு கட்டியிருந்த மூட்டை தூக்குகிறவரைக் கூப்பிட்டாள்.

"கயிறு இல்லாதவங்களுக்கு மணிக்கட்டுல அமுக்குறீங்க. கட்டினவங்களுக்கு முழங்கைகிட்ட அமுக்குறீங்க. இப்ப இவருக்கு நான் மணிக்கட்டுல அமுக்குறேன்."

அமுக்கினாள். கையோடு மூன்று கயிறும் சேர்ந்து கீழே போயின.

வெட்டுமேசைக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, முதலில் நாத்தனார் மேல்தான். "அப்போ ஐநூறையும் வெட்டினது யாரு?"

"நீங்கதான் அண்ணி. ஒவ்வொரு விரிப்பையும் மூணு தடவை சரிபார்த்தீங்க. இடது, வலதுன்னு சாக்பீஸால எழுதி வெச்சு வெட்டினீங்க. கயிறா வந்து எழுதுச்சு?"

அவள் தன் கையைப் பார்த்தாள். உதறல் இல்லை. ஐயாவும் இல்லை, பின்வாசல் வழியாக நழுவியிருந்தார்.

வரிசை கலைந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? பாதிப் பேர் நாத்தனாரைச் சூழ்ந்துகொண்டு, அந்த எலாஸ்டிக் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

வெட்டுமேசைக்காரி கத்தரியைக் கையில் எடுத்து அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இருநூறு சட்டைய ஒரே பக்கமா வெட்டின மக்கு நான். நானே விரிச்சதைத் திரும்பிப் பார்க்கக் கத்துக்கிட்டேன். நீங்க கட்டினதை ஒரு தடவை பிரிச்சுப் பார்க்க மாட்டீங்களா?"