உங்கள் மகளின் பாக்டீரியா சண்டை போட மறுப்பது குறித்து

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்களும் என் தங்கையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். என் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டாம். அது கெட்டுப்போன கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை வண்டி பிடித்து வந்து உங்கள் மகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அவளுடைய மூன்று வருஷ ஆராய்ச்சி இந்த வாரத்தோடு முடியப்போகிறது. காரணம், அவளுடைய பாக்டீரியா சண்டை போட மாட்டேன் என்கிறது.

சிரிக்காதீர்கள். போன தடவை போனில் நீங்கள் சிரித்ததையே நான் இன்னும் மறக்கவில்லை. நான் வேலை பார்க்கிற இந்த ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியே சண்டையைப் பற்றித்தான். ஒரு ஜாதி பாக்டீரியா தன் உடம்புக்குள் நஞ்சு தடவிய ஈட்டியை மடக்கி வைத்திருக்கிறது, பக்கத்தில் வேறு இனத்தான் ஒட்டி உட்கார்ந்தால் போதும், சடாரென்று ஈட்டியை விட்டுக் குத்தி நஞ்சை உள்ளே இறக்கிவிடும், ஏன் எதற்கு என்ற பேச்சே கிடையாது, இடமும் சாப்பாடும் தனக்கே வேண்டும், அவ்வளவுதான். சொந்த இனத்தானைக் குத்தினால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, மாற்று மருந்து பிறவியிலேயே அவனிடம் இருக்கிறது. நம் குடும்பத்தில் அந்த ஏற்பாடு இல்லை. இருந்திருந்தால், உங்கள் அண்ணன் வீடு கட்டும்போது உதவிக்குப் போன என்னிடம் "நீங்க உதவி பண்ணாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சிடும்" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஏழு வருஷம் பேசாமல் இருந்திருப்பேனா? அது கிடக்கட்டும். பாக்டீரியாவின் ஈட்டி குட்டை; தொட்டுக்கொண்டு இருந்தால்தான் குத்த முடியும். இரண்டு இனத்தையும் கலந்து, நான் கூழ் காய்ச்சி ஊற்றித் தருகிற அகார் தட்டில் ஒரு சொட்டு வைப்பார்கள். எதிராளி பச்சையாக ஒளிரும்படி செய்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை விளக்கடியில் பார்த்தால் எதிராளி செத்து, பச்சை போயிருக்க வேண்டும்.

உங்கள் மகள் தட்டில் பச்சை போகவே மாட்டேன் என்கிறது. நாலு மாதமாக இதே கூத்து. பக்கத்து மேஜையில் கண்ணாடிக்காரன் என்று ஒரு மாணவன், அதே பாக்டீரியா, அதே எதிராளி, அவன் தட்டில் ஒரே கொலைக்களம். இவள் தட்டில் இரண்டு கட்சியும் புதுச் சம்பந்திகள் மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தட்டை வெதுவெதுப்பாக வைக்கிற இன்குபேட்டரை மாற்றினார்கள், பாக்டீரியாவைப் புதிதாக வரவழைத்தார்கள், உப்பை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பேராசிரியர் திங்கட்கிழமை எல்லார் எதிரிலும், "உன் கைதாம்மா சரியில்ல. வியாழக்கிழமை வரைக்கும் பாக்கறேன், அப்பவும் வரலன்னா இந்த வேலைய அவன்கிட்ட குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டார். அவள் கை கழுவுகிற தொட்டிக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு. எனக்குக் கேட்டது.

நான் என்ன குறை வைத்தேன், சொல்லுங்கள். முப்பத்தோரு வருஷமாக இந்தக் கூடத்தில் தட்டு ஊற்றுகிறவன். மற்றவர்களுக்கு என்றால் ஊற்றி, மூடியைப் பாதி திறந்து வைத்து, நன்றாகக் காயவிட்டு, அடுக்கித் தள்ளிவிடுவேன், அப்புறம் அவரவர் பாடு. இவளுக்கு மட்டும் விடிந்ததும் வந்து, முதல் கூழை எடுத்து ஊற்றி, தூசி துரும்பு விழுந்துவிடக் கூடாதே என்று சூடு ஆறுமுன் மூடியைப் போட்டு, காய்ந்து போய்விடக் கூடாதே என்று ஈரத்துணி சுற்றி வைத்து, கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி கொடுக்கிறேன். திறந்தால் மேலே முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும், பார்க்கவே குளுகுளுவென்று இருக்கும். இதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? இரண்டாம் மாதம் ஒரு நாள் தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாமா, கொஞ்சம் ஈரமா இருக்கோ?" என்றாள். யாரை? என்னை. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து ஊத்திக்கிட்டிருக்கேன், நீ எனக்குச் சொல்லித் தரியா?" என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டேன். அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். அந்த மட்டில் உங்கள் வளர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே வரும்போது பெரிய பெட்டி இரண்டு கொண்டு வாருங்கள், புத்தகம் நிறைய இருக்கிறது. அவளைத் திட்ட வேண்டாம். தங்கையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவள் என்னைத்தான் குதறுவாள். நீங்கள் எல்லாரும் நீண்ட ஆயுளோடு, எந்த ஈட்டிக்கும் எட்டாத தூரத்தில் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
நல்லது செய்தும் நல்ல பெயர் இல்லாத
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: வர வேண்டாம். பெட்டியும் வேண்டாம். நேற்று காலை இவளுக்குத் தட்டு ஊற்ற வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்றபோது கையில் ஒரு தட்டும் இல்லை. கண்ணாடிக்காரனுக்கு வைத்திருந்த அடுக்கிலிருந்து இரண்டை மனசே இல்லாமல் எடுத்துக் கொடுத்தேன். இன்று காலை விளக்கடியில் வைத்தால் பச்சை பேருக்குக்கூட இல்லை. பேராசிரியர் மூன்று தரம் பார்த்துவிட்டு, "என்னம்மா மாத்தின?" என்று கேட்டார். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் தட்டில் தேக்கிவைத்த தண்ணீரில் மிதந்துகொண்டு இருந்தால் எவன் எவனைத் தொடுவது? அவளோ, "ஒண்ணும் மாத்தல சார், கை பழகிடுச்சு போல" என்று பழியைத் தன் கைமேலேயே போட்டுக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. நாலு பேர் எதிரில் திட்டியவன் நாலு பேர் எதிரில்தான் சொல்ல வேண்டும். "சார், அவ கையில தப்பில்ல. தட்டுதான் ஈரம். நான்தான் ஊத்தினேன்" என்று சொல்லிவிட்டேன். பிற்பாடு தொட்டியருகே வந்து, "மாமா, இனிமே எனக்கும் எல்லாருக்கும் ஊத்தற மாதிரியே ஊத்துங்க, போதும்" என்றாள். சரி என்றேன்.

உங்கள் அண்ணனின் போன் நம்பரை அனுப்பி வையுங்கள். அன்றைக்கு அவர் சொன்னது முழுக்கத் தப்பில்லை போலிருக்கிறது.