கறுப்புக் கோட்டும் மோர் வாளியும்

உடையில் முன்னேறிவிட்டால் வாழ்க்கையிலும் முன்னேறிவிட்டோம் என்று நம்பிய காலம் எனக்கும் உண்டு. அந்த நம்பிக்கை ஒரே ஒரு பந்தி நேரம்தான் தாங்கியது.

கோயமுத்தூரில் ஐ.டி. வேலை கிடைத்த கையோடு எனக்குப் பெண் தேடினார்கள். பல்லடத்தில் ஒரு பெண்ணின் போட்டோவைப் பார்த்ததும், கட்டினால் இவரைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கோழிப்பண்ணை வைத்திருந்த அவருடைய அப்பா மட்டும், பையனை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கிணத்துக்கடவில் இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர்கள் வீட்டுக் கல்யாணம். அங்கேயே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

அம்மா வெள்ளை வேட்டி சட்டையை எடுத்து வைத்து, "இதக் கட்டிக்க கண்ணு, லட்சணமா இருக்கும்" என்றார். காலம் மாறிவிட்டது என்று அவருக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, புதுக் கறுப்புக் கோட்டை மாட்டி, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி டை கட்டிக்கொண்டேன். (சித்திரை வெயில்.) கண்ணாடியில் ஒரு முதலாளி தெரிந்தார்.

மண்டபத்தில் நிஜ முதலாளிகள் எல்லாரும் வெள்ளை வேட்டியில் இருந்தார்கள். கறுப்புக் கோட்டும் வண்ணத்துப்பூச்சி டையும் கேட்டரிங் ஆட்கள் மட்டும்தான் போட்டிருந்தார்கள். காலம் நான் சொன்னதைவிட வேகமாகவே மாறியிருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் இடம் தேடி நின்றேன். இந்த வரிசைக்கு ரசம் வரவில்லை என்றார் ஒருவர். நான் அந்த ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இலைக்கு முன்னால் இருப்பவரிடம் எதையும் இல்லை என்று சொல்ல எங்கள் பக்கத்து நாக்குக்கு வராது. பக்கத்திலிருந்த ரச வாளியை எடுத்தேன். ஒருவருக்கு ஊற்றிவிட்டு அடுத்தவரை எப்படி விடுவது? அந்த வரிசை முடிந்ததும் எதிர் வரிசை மோர் கேட்டது. (கேட்டரிங் மேனேஜர் என்னைச் சோம்பேறி என்று திட்டவும் செய்தார்.)

மோர் ஊற்றக் குனிந்தபோது வேட்டிக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங் தம்பி, எம் பொண்ணுக்குப் பாக்கற பையன் வந்திருக்காராம். கோட்டுப் போட்டிருப்பாருன்னாங்க. இங்க எல்லாருமே கோட்டுலதான் சுத்தறீங்க. பாத்தீங்களா?"

என் வேர்வை மோரில் விழாமல் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"இப்பத்தானுங்க நின்னாரு. கை கழுவப் போயிருப்பாருங்க."

"ஆளு எப்படிங்க?"

"தங்கமான பையனுங்க." (தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்ளும் வாய்ப்பு எல்லாருக்கும் அமைவதில்லை.)

அதற்குள் அம்மா வந்துவிட்டார். "இவந்தானுங்க எம் பையன்" என்று அவரிடம் சிரித்தார். பிறகு அவர் இலையைப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்து கண்ணு" என்றார்.

பெண்ணின் அப்பா என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். இலையை மூடிவிட்டு எழுந்து போனார். அந்த வாரம் முழுக்க அம்மாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே அம்மாவைக் கூப்பிட்டார்.

"கோட்டு எனக்குப் புடிக்கலீங்க. தங்கமான பையன்னு சொன்னதையும் நான் நம்பல. ஆனா பந்தில கை நல்லா ஓடுது. தேதி பாருங்க."

மாமனார் வீட்டில் மருமகனுக்குத் தனி மரியாதை என்பார்கள். எனக்கும் உண்டு. இன்றும் பல்லடத்தில் எந்த விசேஷம் என்றாலும், சமையல்காரர் நேராக என்னிடம் வந்து பவ்யமாகக் கேட்கிறார்: "மாப்ளைங்க, பந்தி ஆரம்பிக்கலாங்களா?"